ஸ்டீராய்டு: பயமும் வேண்டாம், விளையாட்டும் வேண்டாம்

டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதினால் பதறுகிறோம். அதே ஸ்டீராய்டு கலந்த முகப்பூச்சை, சிவப்பழகு கிடைக்கும் என்று மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கித் தடவுகிறோம். இரண்டும் அறியாமைதான். நம் உடலே தினமும் ஸ்டீராய்டு சுரக்கிறது. அது இல்லாமல் உயிர் வாழ முடியாது.

உடலுக்குள் என்ன வேலை?

சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் ஒவ்வொன்றும் சுமார் 5 கிராம் எடைதான். கொலஸ்ட்ராலை மூலப்பொருளாகக் கொண்டு இவை கார்டிசாலையும் ஆல்டோஸ்டிரோனையும் தயாரிக்கின்றன. கார்டிசால் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் தாங்கிப் பிடிக்கிறது, அழற்சியை அடக்குகிறது. ஆல்டோஸ்டிரோன் உடலின் உப்பைக் காக்கிறது. ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் ஆகிய பாலின ஹார்மோன்களும் இதே குடும்பம்தான். மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு வேகமாக மெலிவதற்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதே முக்கியக் காரணம்.

கார்டிசால் விடிகாலையில் ஏறி, நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். பல ஸ்டீராய்டு மாத்திரைகளைக் காலையில் சாப்பிடச் சொல்வது இதனால்தான்.

ஆய்வில் கிடைத்த மருந்து

கர்ப்ப காலத்திலும் மஞ்சள் காமாலையின்போதும் ருமட்டாய்டு மூட்டுவாத வலி தணிவதை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் பிலிப் ஹெஞ்ச் கவனித்தார். உடலுக்குள்ளேயே ஏதோ மருந்து இருக்க வேண்டும் என்று தேடினார். அங்கேயே பணியாற்றிய வேதியியலாளர் எட்வர்ட் கெண்டல் அட்ரீனலிலிருந்து பிரித்தறிந்த கார்டிசோன் என்ற ஸ்டீராய்டை 1948 செப்டம்பரில் ஓர் இளம்பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார்கள். நடக்கத் திணறியவர் ஒரு வாரத்துக்குள் நன்றாக நடமாடினார். இருவருக்கும், இதே துறையில் உழைத்த சுவிட்சர்லாந்தின் ததேயுஸ் ரைக்ஸ்டைனுக்கும் 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது.

2020-இல் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாகக் காட்டியது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் பயன் இல்லை. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

எங்கே ஆபத்து?

வெளியிலிருந்து ஸ்டீராய்டு நீண்ட நாள் வந்தால் அட்ரீனல் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, ரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அளவு மீறினால் முகம் உருண்டையாக வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், கண்புரை வரும். முகப்பூச்சைத் தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து சிவந்து, பருக்கள் கிளம்பும்.

செய்ய வேண்டியவை

• பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு வாங்காதீர்கள்.
• சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்டிருந்தால், டாக்டர் சொல்லும் விதத்தில் படிப்படியாகவே குறையுங்கள்.
• அறுவை சிகிச்சைக்கு முன் ஸ்டீராய்டு எடுப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.
• மூட்டுவலிக்குப் பெயர் தெரியாத பொடியோ மாத்திரையோ ஒரே நாளில் குணம் தந்தால் சந்தேகப்படுங்கள்; ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

ஸ்டீராய்டைத் தொடங்குவதும் நிறுத்துவதும் டாக்டரின் முடிவாக மட்டுமே இருக்கட்டும்.