கெண்டைக்கால் வலியும் நடைப் பயிற்சியும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில் இன்று சரக்கு லாரிகளும் தொழிற்சாலை பஸ்களும் இடைவிடாது ஓடுகின்றன. வயல் வேலையை விட்டுக் காவற் பணிக்கும் தோட்டப் பணிக்கும் செல்லும் முதியோர் இவ்வட்டாரத்தில் உளர். இத்தகையோருள் சிலர் 100 கஜம் நடந்ததும் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பர்; சில நிமிஷங்களில் வலி அகன்றதும் மீண்டும் நடப்பர். வயதாகிவிட்டது, வாதம் என்று கூறித் தைலம் தேய்த்துக் காலங் கடத்துகிறோம். பல சமயங்களில் இது காலுக்குச் செல்லும் ரத்தக் குழாய் சுருங்கியதன் அறிகுறியாகும்.

வாய்க்காலில் வண்டல் படிந்தால் கடைமடை வயல் வாடுகிறதன்றோ? அது போன்றதே இதுவும். அமர்ந்திருக்கையில் தசைக்கு வரும் ரத்தம் போதுமானது. நடக்கையில் தேவை பெருகுகிறது, வரத்துப் பெருகுவதில்லை. பீடியும் சிகரெட்டும் இதற்கு முதற் காரணம். நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு ஆகியனவும் சேர்ந்துகொள்ளும். இந்நோயை 1831-இல் பிரெஞ்சுக் கால்நடை வைத்தியர் பூலே முதலில் ஒரு குதிரையிடமே கண்டு எழுதினார் என்பது உழவர்களுக்குச் சுவையான செய்தி. மனிதரிடம் அதனை 1858-இல் விளக்கியவர் சார்கோ.

வலிக்கிறதே என்று நடையை நிறுத்திவிடுவதுதான் நாம் செய்யும் பெருந்தவறு. நடையே மருந்து என்பதை 1966-இல் டென்மார்க் மருத்துவர்கள் 14 நோயாளிகளைக் கொண்டு சோதித்துக் காட்டினர். 2021-இல் அமெரிக்காவில் 305 பேரிடம் நடந்த ஆராய்ச்சி மற்றொன்றையும் தெளிவாக்கிற்று: கால் வலிக்கும் வேகத்தில் நடந்தவர்கள் முன்னேறினர், வலி தோன்றாதவாறு மெல்ல நடந்தவர்கள் முன்னேறவில்லை. அடைப்பு இதனால் திறந்துவிடுவதில்லை. குறைந்த நீரில் பயிர் செய்யப் பழகிய உழவனைப் போல, வரும் ரத்தத்தைக் கொண்டே நன்கு உழைக்கத் தசை பழகுகிறது.

முறை எளிது. வலி ஓரளவு கடுமையாகும் வரை நடக்க வேண்டும். பின் நின்றோ அமர்ந்தோ வலி முற்றும் தீர்ந்தபின் மீண்டும் நடக்க வேண்டும். தொடக்கத்தில் அரை மணி, பழகப் பழக முக்கால் மணி. வாரத்தில் மூன்று நாட்களேனும், மூன்று மாதம் விடாமல். ஆயினும், இருதய நோய் உண்டா என்பதை மருத்துவரிடம் கண்டறிந்த பின்னரே தொடங்குதல் வேண்டும். பீடியை விடாமல் நடப்பது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதே.

ஓய்விலும் பாதம் வலித்தாலோ, புண் ஆறாதிருந்தாலோ, விரல் கறுத்தாலோ நடைப் பயிற்சிக்கு இடமில்லை. தாமதித்தால் காலையே இழக்க நேரும். திடீரெனக் கால் சில்லிட்டு மரத்துப்போனால் அந்த மணி நேரத்திலேயே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சென்னை அரசு பொது மருத்துவமனையில் ரத்தக் குழாய் அறுவைப் பிரிவு உள்ளது. நீரிழிவுக்கும் கொதிப்புக்கும் வீடு தேடி மருந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கப்பெற்றது. அவ்வூழியர் வரும்போது, செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டுதல் நலம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கனரக வண்டிகள் செல்லும் சாலையோரத்தில் இவர்களை நடக்கச் சொல்வது தகாது. ஏரிக்கரையில் முள்ளகற்றிச் சமன் செய்த பாதையும், 50 கஜத்திற்கு ஒரு திண்ணையும், ஒரு விளக்கும் இருந்தால் போதும். செலவு அதிகமில்லை. திண்ணைகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கல்லில் எழுதி வைத்தால், சென்ற மாதம் இரண்டாம் திண்ணையில் நின்றவர் இம்மாதம் நான்காவதை எட்டினாரா என்பதை அவரே கண்டுகொள்வார்.