ஈழத்தலரி எந்த ஊர்ப் பூ?

இலங்கையின் விகாரைகளில் குவியும் அந்த வெள்ளைப் பூவுக்குத் தமிழில் ஈழத்தலரி என்று பெயர். அதனால் அது ஈழத்து மண்ணின் பூ என்று நினைத்துவிடக் கூடாது. பூவின் பெயர் பெரும்பாலும் பெயர் வைத்தவரைப் பற்றித்தான் சொல்கிறது. ஐரோப்பியர் இதை ஃப்ராஞ்சிபானி என்பார்கள். அது ஓர் இத்தாலியக் குடும்பப் பெயர். அந்தக் குடும்பத்தின் பெயரில் கையுறைக்குப் பூசும் வாசனை முதலில் வந்தது, அதே மணம் வீசியதால் பூவுக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. ப்ளூமேரியா என்ற அறிவியல் பெயரோ 1704இல் இறந்த பிரெஞ்சுத் துறவி சார்ல் ப்ளூமியேவின் நினைவு. மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் இது காக்கைப்பூ!

கோயில்தோறும் நிற்கும் மரம் வெளிநாட்டதா என்று கேட்கலாம். வெளியிலிருந்து வந்த மிளகாயும்தான் நம் சமையலறையில் ஊறிப்போயிருக்கிறது. இம்மரத்தின் இனங்கள் இயற்கையாக வளர்வது அமெரிக்கக் கண்டத்திலும் கரீபியத் தீவுகளிலும் மட்டுமே. அப்படியானால் தமிழ்ப் பெயர் பொய்யா? ‘ஈழம்’ என்ற முன்பாதி வேண்டுமானால் ஊரை மாற்றிச் சொல்கிறது, ‘அலரி’ என்ற பின்பாதி கூர்மையானது. அலரி மொட்டையும் இதன் மொட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: இரண்டிலும் ஐந்து இதழ்கள், ஒன்றன் விளிம்பை ஒன்று மூடி, முறுக்கிச் சுருண்டிருக்கும். தாவரவியலாளர்களும் இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள்.