தாய்வழி வந்த குரல்

வெளியுலகுக்கு அவர் கிரானா கரானாவின் மேதை. ஹூப்ளியில் ஒரு பெரிய வீட்டுக்கோ தாய், பாட்டி, சம்பாதித்துப் போட்டவர். கங்குபாய் ஹங்கல் என்ற குடும்பத் தலைவியைப் பற்றி ஒரு நினைவு.

2009 ஜூலையில் இந்திய இசை ஒரே வாரத்தில் இரண்டு பாட்டிகளை இழந்தது. 16ஆம் தேதி சென்னையில் டி.கே. பட்டம்மாள், வயது 90. ஐந்து நாள் கழித்து, 21ஆம் தேதி, கர்நாடகத்தின் ஹூப்ளியில் கங்குபாய் ஹங்கல், வயது 96. முதல் பெயரைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது பெயருக்குச் சற்று அறிமுகம் தேவைப்படலாம்.

இந்துஸ்தானி இசையில் கிரானா என்னும் பாணியின் பெரும் பாடகி அவர். பத்ம பூஷண் (1971), சங்கீத நாடக அகாதெமி விருது (1973), பத்ம விபூஷண் (2002) என்று விருதுகள் தேடி வந்தன. ஆனால் இந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் சொத்து என்று சொல்ல இருந்தது குரல் ஒன்றுதான். அது தாயிடமிருந்து மகளுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருத்தி அதற்கு விலை கொடுத்தாள்.

முதலில் கொடுத்தவர் கங்குபாயின் தாய் அம்பாபாய். அவர் கர்நாடக சங்கீதம் பாடியவர். கிரானா பாணியின் பிதாமகரான அப்துல் கரீம் கான் தார்வாட் பக்கம் வரும்போது அவர் பாட்டைக் கேட்டு ரசித்ததாகச் சொல்வார்கள். (அந்தக் கான் சாகிப் 1937இல் புதுச்சேரிக்குப் போகும் வழியில் நம் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் உயிர் நீத்தார் என்பது தனிக் கதை.) சிறுமி கங்காவின் காது மட்டும் வடக்கே சாய்ந்தது. தெருவில் கிராமபோன் பாடினால் பள்ளிக்கூடம் போகிற பெண் அங்கேயே நின்றுவிடுவாள். மகள் இந்துஸ்தானி பயிலட்டும் என்று தாய் முடிவு செய்தார். தன் கர்நாடக இசை மகளின் ஸ்வரத்தில் கலந்துவிடக் கூடாதே என்று தான் பாடுவதையே நிறுத்திக்கொண்டார். மகளின் படிப்புக்காக 1928இல் குடும்பமே தார்வாடிலிருந்து ஹூப்ளிக்குக் குடிபெயர்ந்தது. மகள் புகழ் பெறுவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1932இல் காலமானார்.

பாடகிகளின் குடும்பத்தில் பிறப்பது அன்று எளிதல்ல. ஊரார் வாயில் அவர்கள் 'பாட்டுக்காரிகள்'. அந்தச் சொல்லில் மரியாதை கிடையாது. தார்வாடில் அக்கம்பக்கத்து உயர்சாதி வீட்டுத் தோட்டத்தில் மாங்காய் பறித்தபோது, மாங்காய் போனதைவிட, பாட்டுக்காரி வீட்டுப் பெண் தோட்டத்தில் கால் வைத்துவிட்டாளே என்பதுதான் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது என்று கங்குபாய் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1924இல் பெல்காமில் காந்தி தலைமையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் அவர் பாடினார். அப்போது வயது 11. பாட்டைப் பற்றிப் பயமில்லை. சாப்பிட்ட இடத்தைத் தன்னையே சுத்தம் செய்யச் சொல்வார்களோ என்பதுதான் அந்தப் பெண்ணின் பயம்.

பதினாறு வயதில் குருராவ் கவுலகி என்ற பிராமண வழக்கறிஞர் அவருடைய வாழ்க்கைத் துணையானார். இரண்டு மகன்கள், ஒரு மகள். கணவர் அன்பானவர், ஆனால் வருமானம் கைகொடுக்கவில்லை. வியாபாரத்தில் இறங்கியதில் நஷ்டமும் கடனுமே மிச்சம். குடும்பப் பாரம் மனைவியின் தோளுக்கு வந்தது. இசைத்தட்டும் வானொலியும் கச்சேரியும் அடுப்பு எரிய வைத்தன. பிள்ளைகளின் பெயரோடு ஒட்டிக்கொண்டதும் தந்தையின் 'கவுலகி' அல்ல, தாயின் 'ஹங்கல்'தான்.

இத்தனைக்கும் நடுவில் படிப்பு நிற்கவில்லை. குரு சவாய் கந்தர்வர் நாடக மேடையை விட்டுத் தன் ஊரான குந்த்கோலுக்குத் திரும்பியதும், ஹூப்ளியிலிருந்து ரயிலேறிப் போய்ப் பாடம் கேட்டார் கங்குபாய். பாடம் முடிந்து ரயில் பிடித்து வீடு திரும்பி, பிள்ளைகளையும் வீட்டையும் பார்க்க வேண்டும். அதே குருவிடம் தங்கிப் படித்த இளைஞர் பீம்சேன் ஜோஷிக்கு அவர் 'அக்கா'. ஆண் சீடனுக்குக் குருகுலம் கிடைத்தது. தாயான சீடிக்கு ரயில் கால அட்டவணை.

இளமையில் அவர் குரல் மெலிந்த, உச்சத்தில் சஞ்சரிக்கும் பெண் குரல். தொண்டையில் நடந்த சிகிச்சைக்குப் பிறகு அது கனத்து, ஆண் குரல் போல் ஆழ்ந்துவிட்டது. வேறொருவர் ஒதுங்கியிருப்பார். அவர் அந்தக் குரலையே தன் அடையாளமாக்கிக்கொண்டார். மேடையில் குரல் மாறினாலும் பட்டம் மாறவில்லை. ஆண் பாடகர் முஸ்லிம் என்றால் உஸ்தாத், இந்து என்றால் பண்டிட், கேசர்பாயும் மோகுபாயும் மட்டும் கடைசிவரை 'பாய்'தானா என்று அவர் கேட்டதுண்டு.

மூன்றாவது தலைமுறையில் விலை கொடுத்தவர் மகள் கிருஷ்ணா. அவரும் தேர்ந்த பாடகி. தனி மேடைக்கு உரிய ஞானம் இருந்தும், பல ஆண்டுகள் தாயின் பக்கத்தில் அமர்ந்தே பாடினார். தாய் கீழ் ஸ்தாயியில் கம்பீரமாக நிற்க, மேல் ஸ்தாயிக்கு மகள் குரல் ஏறும். கேட்பவர்களுக்கு அது இரண்டு குரலாகத் தோன்றாது. தாய்க்காகப் பாட்டை நிறுத்திய மகள்கள் உண்டு. இங்கே மகளுக்காக நிறுத்திய தாயும், தாய்க்காகத் துணைக்குரலாகவே நின்ற மகளும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

கிருஷ்ணா 2004இல் தாய்க்கு முன்பே போய்விட்டார். புற்றுநோயிலிருந்து மீண்டிருந்த கங்குபாய்க்கு அது பேரிடி. ஆனாலும் 2006 மார்ச்சில், இசை வாழ்வின் 75 ஆண்டு நிறைவை ஒட்டி, ஒருமுறை மேடையேறினார். அதுவே கடைசிக் கச்சேரி. இறந்த பிறகு அவர் விருப்பப்படி கண்கள் தானமாகத் தரப்பட்டன.

மைசூரில் உள்ள மாநில இசைப் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. 2014இல் இந்திய இசைக் கலைஞர்களுக்காக அஞ்சல் துறை வெளியிட்ட தலை வரிசையில் அவரும் பட்டம்மாளும் சேர்ந்தே இடம்பெற்றார்கள். கௌரவங்கள் நியாயமானவையே.

ஆனால் குடும்பத் தலைவி ஒருத்தியை நினைக்கும்போது நாம் பெரும்பாலும் அவர் தாங்கியதை மட்டும் சொல்கிறோம், அவரைத் தாங்கியவர்களை விட்டுவிடுகிறோம். கங்குபாய் அப்படி விடவில்லை. தன் வாழ்க்கைக் கதையைக் கன்னடத்தில் சொன்னபோது தாயை அதில் நிறுத்தினார். கச்சேரியில் மகளைப் பக்கத்தில் அமர்த்தினார். பாட்டியின் படத்துக்கு மாலை போடும் எந்த வீட்டிலும் கேட்கத் தகுந்த கேள்வி இது: இவர் பாடுவதற்காக யார் மௌனமானார்கள்?