நிறையத் தின்றும் பூனை ஏன் இளைக்கிறது?

மறைமலை நகரில் ஷிப்டு நேரம். கம்பெனி பஸ்களில் ஆட்கள் வந்துவிட்டார்கள். கேட்டைத் திறக்க வாட்ச்மேன் இல்லை. மெஷின் ஓடுமா?

சர்க்கரை நோய் வந்த பூனைக்குள்ளும் இதே கதைதான். சர்க்கரைதான் ஆட்கள், இன்சுலின்தான் வாட்ச்மேன். ரத்தத்தில் சர்க்கரை தேங்கினாலும் செல்கள் பட்டினி. அதனால்தான் தின்றும் இளைக்கிறது. மிஞ்சிய சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு சிறுநீரில் போவதால் தாகம்.

கூடவே ஈறில் சீழ், கணைய வீக்கம் இருந்தால்? கேட்டே துருப்பிடித்த மாதிரி. இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அவற்றுக்கும் சேர்த்தே வைத்தியம் வேண்டும்.

வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கூடையில் போகும் பயத்திலேயே சர்க்கரை எகிறலாம். அதனால் சில வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் சோதனையும் உதவும்.

பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஓர் இன்சுலின் ஊசி. பூனை சாப்பிடாவிட்டால் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். சர்க்கரை அதிகமாக இறங்கினால் உயிருக்கே ஆபத்து. சீக்கிரம் தொடங்கினால், சில பூனைகளுக்குப் பிறகு ஊசியே தேவைப்படாது.