சிறுநீர்ப்பைப் புற்று: ஒரு பெயர், ஆறு வகை

சாயத் தொழிலுக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஜெர்மானிய அறுவை மருத்துவர் லூட்விக் ரேன் 1895இல் எடுத்துக்காட்டினார். நறுமண அமீன்கள் எனப்படும் வேதிப்பொருள்கள் மூச்சிலும் தோலிலும் புகுந்து, சிறுநீரோடு பையில் மணிக்கணக்கில் தங்கி உட்சவ்வைக் கெடுக்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. 1964இல் தொழிற்பேட்டை உருவான அம்பத்தூரிலும், தளவாட ஆலைகள் அமைந்த ஆவடியிலும் சாயம், ரப்பர் போன்றவற்றைக் கையாள்வோர் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி இது. எனினும் அதே அமீன்கள் பீடி, சிகரெட் புகையிலும் உள்ளன. உலக அளவில் இந்நோய்க்கு முதற்காரணமாக நிற்பது புகைப்பழக்கமே.

வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் கலந்து வருவதே பெரும்பாலும் முதல் அறிகுறியாகும்; அதை உடம்புச் சூடு என்று எண்ணி இளநீரும் மோரும் குடிப்பவர், ஓரிரு நாளில் இரத்தம் தானே நின்றுவிட்டால் மருத்துவரை மறந்துவிடுகிறார். மருத்துவரிடம் வந்தவரின் பையிலுள்ள கட்டியிலிருந்து குழாய்க் கருவியால் சுரண்டி எடுக்கப்படும் துணுக்குகளில் நோய்க்கூறியலாளர் முதலில் தேடுவது, கட்டி தசைச்சுவருக்குள் இறங்கியுள்ளதா என்பதையே. இறங்காத கட்டி மீண்டும் தலைதூக்கும் அபாயம் மிகுதியாக இருந்தால், காசநோய்த் தடுப்பூசிக்குரிய அதே பிசிஜி கிருமியைப் பைக்குள் செலுத்துவது வழக்கம். இறங்கிவிட்டாலோ பையையே அகற்றவேண்டியும் வரலாம்.

தசைக்குள் இறங்கிய கட்டிகளிலும் நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தோன்றுபவை சிகிச்சையில் வெவ்வேறாக நடந்துகொள்வது ஏன் என்பதற்கு விடை தேடிய ஆய்வாளர்கள், எந்தெந்த மரபணுக்கள் செயல்படுகின்றன என்பதை ஆர்என்ஏ வழியே கணக்கெடுத்தனர். உட்சவ்வின் மேலடுக்கு உயிரணுக்களின் இயல்பைத் தக்கவைத்த கட்டிகள் 'லூமினல்' என்றும், அடியடுக்கின் இயல்பைக் காட்டுபவை 'பேசல்' என்றும் பிரிந்தன. 1,750 கட்டிகளின் தரவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான பன்னாட்டு வகைப்பாடு ஆறு வகைகளை வரையறுத்தது. அவற்றுள் பேசல் வகை 35 விழுக்காடு, லூமினல் பாப்பில்லரி 24 விழுக்காடு, மிக மூர்க்கமான நரம்புநாளமில் வகை 3 விழுக்காடு.

லூமினல் பாப்பில்லரி வகையில் எஃப்ஜிஎஃப்ஆர்3 என்னும் மரபணுவின் பிறழ்வு மிகுதி. அதன் செயலைத் தடுக்கும் எர்டாஃபிடினிப் மாத்திரைக்கு அமெரிக்கா 2019இல், முற்றிய நோய்க்கென, ஒப்புதல் அளித்தது. ஆயினும் அம்மாத்திரையைத் தீர்மானிப்பது அந்த ஒரு மரபணுச் சோதனையேயன்றி ஆறு வகைப் பிரிவன்று. ஒரே கட்டிக்குள் இரு வகைகள் கலந்திருப்பதும் உண்டாகையால், வகைப்பாட்டின் அழகை நம்பி மருந்துச்சீட்டு எழுதும் காலம் இன்னும் வரவில்லை என்றே கொள்ளவேண்டும். முழு ஆர்என்ஏ சோதனை செலவு மிக்கது. ஆனால் மெழுகில் பதித்துச் சேமித்த அதே துணுக்கில் ஜிஏடிஏ3, சைட்டோகெரட்டின் 5/6 ஆகிய இரு புரதச் சாயங்களைப் பூசினாலே, கட்டி பெரும்பாலும் லூமினலா பேசலா என்பது புலப்பட்டுவிடும்.