இம்மியும் 2150400 என்னும் எண்ணும்: ஒரு காரணியியல் விளக்கம்

முன்னுரை

‘இம்மியளவும்’ என்னும் தொடர் இன்றைய வழக்கில் மிகச் சிறிய அளவைப் பொதுவாகச் சுட்டுகிறது. ஆயின், தமிழ்க் கீழ்வாயிலக்க வாய்பாட்டில் இம்மி வரையறுத்த மதிப்புடைய பின்னமாகும். ஒன்றை 2150400 கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு கூறே இம்மி. இப்பேரெண்ணின் பண்புகளையும், அவற்றால் வாய்பாட்டிற்கு விளையும் பயனையும் இக்கட்டுரை விளக்குகிறது.

எண் அமையும் முறை

காணி 1/80, அதன் பாதியாகிய அரைக்காணி 1/160, அதன் பாதியாகிய முந்திரி 1/320. முந்திரியை மீண்டும் 320 கூறுகளாக்கக் கிடைப்பது கீழ்முந்திரி. அதன் மதிப்பு 1/102400. கீழ்முந்திரி ஒன்றுக்கு இம்மி 21. எனவே 320 × 320 × 21 = 2150400 ஆகிறது.

எண்ணின் பண்புகளும் வகைப்பாடும்

102400 என்பது 320இன் வர்க்கம். முழு வர்க்க எண். 2, 5 ஆகிய இரண்டு மட்டுமே அதன் பகாக் காரணிகள்: 2¹² × 5². அதற்கு 39 வகுஎண்கள் உள்ளன. 21ஆல் பெருக்கியவுடன் 3, 7 ஆகிய இரு புதிய பகாக் காரணிகள் சேர்கின்றன. 2150400 = 2¹² × 3 × 5² × 7. 3, 7 ஆகியவற்றின் அடுக்குகள் ஒற்றைப்படையாதலின் இது முழு வர்க்கம் அன்று. வகுஎண்களின் தொகை 39இலிருந்து 156 ஆக, நான்கு மடங்காகிறது. தன்னை நீக்கிய பிற வகுஎண்களின் கூட்டுத்தொகை 5975072. அது தன்னினும் மிகுதலால் இவ்வெண் மிகை எண் வகையைச் சாரும். 1 முதல் 10 வரையுள்ள எண்களுள் 9 ஒழிந்த அனைத்தும் இதனை மீதியின்றி வகுக்கும்.

பகிர்வில் வெளிப்படும் பயன்

ஒரு பொருளை மூவர்க்குச் சமமாகப் பகிர்வதாகக் கொள்வோம். ஒவ்வொருவர்க்கும் 106 முந்திரி சேர, 2 முந்திரி எஞ்சும். 106 முந்திரியைக் கால், மாகாணி, காணி, அரைக்காணி எனச் சொல்லலாம். எஞ்சிய 2 முந்திரி 640 கீழ்முந்திரியாகும்; ஆளுக்கு 213 போக ஒரு கீழ்முந்திரி எஞ்சும். முந்திரியை 320ஆல் எத்துணை முறை பகுத்தாலும் இம்மீதி தீராது. 2, 5 ஆகியவற்றின் பெருக்கம் எதனையும் 3 வகுக்காது என்பதே காரணம். இம்மியில் அது தீர்கிறது: 21 இம்மியை மூவர்க்கும் ஏழேழாகப் பகிரலாம். எழுவர்க்குப் பகிரும்போதும் இவ்வாறே. இறுதியில் எஞ்சும் கீழ்முந்திரிகளை, ஒவ்வொன்றுக்கும் ஆளுக்கு மூன்று இம்மி வீதம் பகிர்ந்துவிடலாம்.

முடிவுரை

முந்திரி, கீழ்முந்திரி என்பன பாதியாக்கலும் ஐந்தாக்கலும் வழி வந்த அளவுகள். இம்மியோ மூன்றாலும் ஏழாலும் வகுக்கும்போது எஞ்சுவதைத் தீர்க்கும் அளவு. ஆகவே இம்மியைக் கீழ்முந்திரியினும் நுண்ணிய மற்றோர் அளவு என்று மட்டும் கொள்வது போதாது. அது வேறுவகைப் பின்னம். 21 என்னும் எண் இந்நோக்கத்திற்காகவே தெரிந்தெடுக்கப்பட்டது என்பதைக் காரணியமைப்பு ஒன்றே மெய்ப்பிக்காது. அதன் பயன் இத்தகையது என்பதை மட்டும் ஐயமின்றிக் காட்டும். கணிதச் சுவடிகளைப் பதிப்பிப்போர்க்கும் இவ்வமைப்பு துணையாகும். ‘கீழ்முந்திரிக்கு இம்மி 21’ எனக் கூறும் சுவடியிலேயே இம்மியின் பகுதியாக 3ஆலோ 7ஆலோ வகுபடாத எண் காணப்படின், எழுத்துப் பிழை நேர்ந்திருக்கலாம் என அவ்விடத்தை மீளாய்வது தகும்.