ஜீப்பு வண்டியின் ஷாக்கிள்: நீட்டுவதன் நன்மையும் தீமையும்

முன்னாளில் தமிழ்நாட்டில் வசதியுள்ள குடும்பத்தினர் வெளியூர் செல்ல வில் வண்டி பூட்டுவது வழக்கம். கட்டை வண்டிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு, அச்சுக்கும் வண்டிக்கூட்டிற்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகள் அடுக்கப்பட்டிருந்ததே ஆகும். அதே பட்டை வில்தான், சிற்சில மாறுதல்களுடன், இன்றும் லாரிகளையும் பழைய ஜீப்புகளையும் தாங்கி நிற்கின்றது. மராத்தியர் இதனைப் பாட்டா என்பர். நம் கொல்லர்களோ உடைந்த லாரிப் பட்டை கிடைத்தால், அரிவாள் அடிக்க உதவுமென்று அதனைப் போற்றி வைத்துக்கொள்வர்.

வளைந்த பட்டையின் மீது பளு ஏறும்போது அது நிமிர்கின்றது. நிமிரும் பட்டையின் இரு முனைகளுக்கும் இடையேயுள்ள தூரம் அதிகமாகின்றது. ஆகையால் இரு முனைகளையும் சட்டத்தோடு அசையாமல் பிணைத்துவிட்டால் வில் வேலை செய்யாது. ஒரு முனையை ஆணியில் நிலையாக மாட்டி, மறு முனையை ஊஞ்சல்போல் ஆடும் ஒரு சிறு இணைப்பில் தொங்கவிடுகின்றனர். இந்த இணைப்பே ஷாக்கிள். இரண்டு தட்டையான இரும்புத் துண்டுகளும், மேலும் கீழும் இரண்டு ஆணிகளும், அவற்றைச் சூழ்ந்த புஷ்களும் சேர்ந்ததே அதன் முழு அமைப்பு. இவ்வளவு எளிய உறுப்பு என்பதனால்தான், அதனை மாற்றுவது எளிதென்று பலரும் எண்ணிவிடுகின்றனர்.

புனே நகரைச் சூழ்ந்துள்ள நிலப்பகுதி இத்தகைய எண்ணத்தைத் தூண்டக்கூடியது. மேற்கே முல்ஷியைக் கடந்து தாம்ஹிணி கணவாய்க்கும், தெற்கே போரிலிருந்து மஹாடு நோக்கி வரந்தா கணவாய்க்கும் செல்லும் சாலைகளிலிருந்து மலைக் கிராமங்களுக்குக் கிளைப் பாதைகள் பல பிரிகின்றன. எரிமலைக் குழம்பு படிப்படியாக உறைந்து உண்டான கருங்கல் நிலமாதலின், அப்பாதைகளில் படிக்கட்டு போன்ற பாறை விளிம்புகள் அடிக்கடி குறுக்கிடும். மழைக்காலத்தில் கரிசல் சேறும் சேர்ந்துகொள்ளும். இங்கே ஓடும் வண்டிக்கு அடிப்பகுதி எவ்வளவு உயர்ந்திருக்கின்றதோ அவ்வளவு நல்லது. வண்டியை உயர்த்துவதற்கு மிகக் குறைந்த செலவுள்ள வழி, நீளமான ஷாக்கிள்களைப் பொருத்துவதே.

ஆனால் இதில் முதற்கண் ஒரு கணக்கு ஏமாற்றம் உண்டு. ஷாக்கிள் வில்லின் ஒரு முனையில் மட்டுமே உள்ளது. அச்சோ வில்லின் நடுவில் உள்ளது. ஆகவே ஷாக்கிளை 50 மில்லிமீட்டர் நீட்டினால் வண்டி ஏறத்தாழ 25 மில்லிமீட்டரே உயரும். அந்த உயர்வும் சட்டத்திற்கே கிடைக்கும். அச்சின் நடுவே உருண்டு தொங்கும் டிஃபரன்ஷியல் கூடுதான் பெரும்பாலும் பாறையில் முதலில் இடிப்பது. அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதைத் தீர்மானிப்பது டயரின் அளவேயன்றி வேறில்லை. ஷாக்கிள் எவ்வளவு நீண்டாலும் அந்தக் கூடு ஒரு நூலளவும் உயராது. பெரிய டயர் மாட்டுவதற்கு மட்கார்டின் கீழ் இடம் உண்டாக்குகின்றது என்ற அளவிலேதான் அது உதவுகின்றது.

அடுத்தது ஸ்டியரிங்கைப் பற்றியது. ஓட்டுபவரின் உயிரோடு தொடர்புடையது இதுவே. முன்சக்கரம் திரும்புவதற்கு ஆதாரமான கிங் பின், செங்குத்தாக நில்லாமல், தன் மேல்முனை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இச்சாய்வைக் காஸ்டர் என்பர். மிதிவண்டியின் முன்கவை சாய்ந்திருப்பதும் இதன்பொருட்டே. இச்சாய்வு இருப்பதனால்தான் வளைவில் திருப்பிய சக்கரம், கையைத் தளர்த்தியதும் தானே நேராகின்றது. இரண்டாம் உலகப்போர்க் கால வில்லிஸ் ஜீப்பில் இச்சாய்வு 3 பாகை அளவில் அமைக்கப்பட்டிருந்தது. நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள் பம்பாயில் மஹீந்திரா நிறுவனம் பூட்டி விற்கத் தொடங்கிய ஜீப்புகள் இவ்வமைப்பின் வழிவந்தவையே.

இவ்வகை ஜீப்புகளில் முன்வில்லின் ஷாக்கிள், வில்லின் முன்முனையில் உள்ளது. அதனை நீட்டினால் வில்லின் முன்முனை தாழ்கின்றது; வில்லோடு சேர்ந்து அச்சும் முன்னோக்கிச் சுழல்கின்றது; கிங் பின்னின் மேல்முனை முன்னுக்கு வருகின்றது. 920 மில்லிமீட்டர் நீளமுள்ள வில்லில் ஒரு முனை 50 மில்லிமீட்டர் இறங்கினால் உண்டாகும் சாய்வு ஏறத்தாழ 3 பாகை. அதாவது, வடிவமைத்தவர் வைத்திருந்த காஸ்டர் முழுவதும் மறைந்துபோகின்றது. பாறைப் பாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும்போது இக்குறை தெரியாது. அன்று மாலையே அவ்வண்டி நெடுஞ்சாலைக்கு வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு கணவாயில் இறங்கும்போதுதான் தெரியும். திருப்பிய சக்கரம் தானே மீளாது; ஒரு பள்ளத்தில் விழுந்தெழுந்தால் முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக நடுங்கத் தொடங்கலாம். மூட்டுகள் தேய்ந்த பழைய வண்டியானால், நின்றாலன்றி அந்நடுக்கம் ஓய்வதில்லை.

இதற்கு மாற்றாக, வில்லுக்கும் அச்சின் இருக்கைக்கும் நடுவே ஒரு சாய்ந்த ஆப்பை வைத்து அச்சைப் பின்னோக்கித் திருப்புவதுண்டு. காஸ்டர் திரும்பவும் கிடைத்துவிடும். ஆயினும் கியர்ப்பெட்டியிலிருந்து வரும் தண்டு சேருமிடம் இப்போது தாழ்ந்த முகமாகிவிடும். வண்டி உயர்ந்தபின் அத்தண்டின் யுனிவர்சல் ஜாயிண்ட் முன்னைவிட அதிகமாக மடங்க நேரிடும். ஒன்றைச் சீர்செய்தால் மற்றொன்று கோணுகின்றது. பின்அச்சில் காஸ்டர் என்னும் தொல்லை இல்லையெனினும், தண்டின் கோணம் அங்கும் மாறவே செய்யும். ஒரு தண்டின் இரு முனைகளிலும் உள்ள ஜாயிண்டுகளின் கோணங்கள் சமமாக இருந்தால்தான் சுழற்சி சீராகும். இல்லாவிடில் அதிர்வு உண்டாகிப் பேரிங்குகள் விரைவில் தேயும்.

இவ்வளவும் சொன்னபின் நன்மையையும் சொல்லுதல் முறை. வில்லுக்குப் புதிதாக, அதிக வளைவுள்ள பட்டைகளைப் போடும்போது இரு முனைகளும் நெருங்கிவிடுகின்றன. பழைய குட்டை ஷாக்கிள் உட்புறமாகச் சாய்ந்து நிற்கும். அந்நிலையில் வில் நிமிர முயன்றால் ஷாக்கிள் எளிதில் விலகிக்கொடுக்காது. ஒவ்வொரு குழியின் அடியும் நேரே சட்டத்தில் விழும். சற்று நீண்ட ஷாக்கிள், அதே நீட்சிக்குக் குறைந்த கோணமே ஆடுவதாகையால், இங்குப் பயனளிக்கின்றது. அளவோடு செய்யப்பட்ட இத்தகைய மாற்றத்தைக் குறைகூற இயலாது. வண்டியை ஆடம்பரமாக உயர்த்திக் காட்டுவதற்கென்றே இரு மடங்கு நீளத்தில் தகடு வெட்டி மாட்டுவதுதான் விபரீதம். நீண்ட தகடுகள் பக்கவாட்டில் நெம்புகோல்போல் வளையும். இரு தகடுகளையும் குறுக்கே இணைக்கும் கட்டை இல்லாவிடில் வளைவுகளில் வண்டிக்கூடு அச்சின்மேல் பக்கமாக அசைவதை ஓட்டுநரே உணர்வார்.

மடங்கி விரியும் ஷாக்கிள் என்று ஒரு வகையும் உண்டு. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது நடுமூட்டு விரிந்து, சக்கரம் இன்னும் கீழே சென்று தரையைத் தொட உதவுகின்றது. பாறைகளில் இது மிகுந்த பயன் தருவதே. ஆனால் விரிந்த நிலையில் அந்த முனையை வில்லின் வலிமை கட்டுப்படுத்துவதில்லை. சாலையில் விரைந்து திரும்பும்போதும் பளு குறைந்த பக்கம் விரிந்துவிடக்கூடும். மேலும், சக்கரம் முன்னைவிடக் கீழிறங்கும் எந்த அமைப்பிலும் பிரேக் குழாயின் நீளத்தைக் கவனித்தேயாக வேண்டும். இழுபட்டு அறுந்த ரப்பர்க் குழாயினால் பிரேக் இல்லாமற்போன வண்டிக்குக் கணவாய்ச் சாலையில் வேறு துணை இல்லை. ஷாக் அப்சார்பரும் அவ்வாறே. பழைய குட்டையானதை வைத்துக்கொண்டால், கீழிறக்கத்தின் எல்லையை அதுவே தாங்கி, தன் பிடிப்பைப் பிய்த்துக்கொள்ளும்.

வேறு சிலர் ஷாக்கிளை முன்முனையிலிருந்து பின்முனைக்கே மாற்றிவிடுகின்றனர். ஷாக்கிள் முன்னே இருந்தால் மேட்டில் ஏறும் சக்கரம் மேட்டை நோக்கியே நகர வேண்டியுள்ளது; பின்னே இருந்தால் இடியை வாங்கிப் பின்வாங்குகின்றது. பயணம் மென்மையாவது உண்மை. பிரேக் இட்டவுடன் வண்டியின் மூக்கு முன்னைவிட அதிகமாகத் தாழ்வதும், தண்டின் வழுக்கு மூட்டுக்குக் கூடுதல் இடம் வேண்டியிருப்பதும் அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டிய விலை. சட்டத்தில் புதிதாகப் பற்றவைப்பு வேலையும் செய்தாக வேண்டும்; அந்தப் பற்றவைப்பின் தரத்தையே முன்அச்சு முழுவதும் நம்பியிருக்கும்.

புனேயின் வேதாள் குன்றின்மீது 1966-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம், மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன்படி புதிய மாதிரி வண்டிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்புகளுள் ஒன்று. அவ்வாறு சான்று பெற்ற வண்டியை உரிமையாளர் தம் விருப்பம்போல் மாற்றுவதை, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகின்றது. உற்பத்தியாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. விபத்து நேர்ந்தபின் காப்பீட்டுத் தொகை கோருபவருக்கு இவ்விவரம் முக்கியமாகிவிடும்.

புனேயைச் சேர்ந்த ஃபோர்ஸ் மோட்டார்ஸ் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கூர்க்கா வண்டி, முன்னும் பின்னும் சுருள் வில்களைக் கொண்டது. அதில் ஷாக்கிளே இல்லை. ஆயினும் பழைய ஜீப்புகளும், 1985 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உற்பத்தியான மாருதி ஜிப்ஸிகளும் பட்டை வில்லோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஷாக்கிள் மாற்றுவோர், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் காஸ்டரை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ரப்பர் புஷ்ஷுள்ள ஆணிகளை, வண்டி ஜாக்கியின்மேல் தொங்கும்போது முடுக்கலாகாது. சக்கரங்களைத் தரையில் இறக்கி, வண்டியின் முழுப் பளுவும் வில்லின்மேல் அமர்ந்த பிறகே இறுதியாக முடுக்க வேண்டும். இல்லையெனில் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து, சில மாதங்களுக்குள் கிழிந்துவிடும்.